504 புள்ளிகளும் ஒரு மனுவும்

1912ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் நாட்டிலேயே அதிகப் புள்ளி குவித்த அணி ஒரு கல்லூரியின் அணியே அல்ல. பென்சில்வேனியா மாநிலத்தில் கார்லைல் என்ற சிற்றூரில், பழைய ராணுவக் குடியிருப்பு ஒன்றில் நடந்துவந்த தொழிற்பள்ளி அது. அரை நாள் பாடம். மீதி அரை நாள் தச்சு, கொல்லுப்பட்டறை, தையல், சலவை. படிப்பு உயர்நிலைப் பள்ளி அளவைத் தாண்டாது. மாணவர்கள் எல்லாருமே பூர்வகுடிப் பிள்ளைகள். அந்தப் பள்ளியின் பையன்கள் ஹார்வர்டு, பென்சில்வேனியா, சைரக்யூஸ் போன்ற பெரிய இடங்களின் அணிகளோடு மோதினார்கள், அடிக்கடி ஜெயிக்கவும் செய்தார்கள்.

2022 ஜூலையில், இந்தப் பள்ளியில் படித்த ஜிம் தோர்ப்பின் 1912 ஒலிம்பிக் தங்கங்களை அவருக்கு மட்டுமே உரியவையாக சர்வதேச ஒலிம்பிக் குழு அறிவித்தது. தோர்ப் யாரென்று படிக்கப் போன நான், அந்த வருடத்துக் கால்பந்து சீசனில் மாட்டிக்கொண்டேன். எனக்குப் பழைய ஸ்கோர் பட்டியல் கையில் கிடைத்தால் போதும், நேரம் போவதே தெரியாது. கார்லைல் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஆட்டத்துக்குத்தான் ஓடுகிறார்கள்: ராணுவ அகாடமிக்கு எதிரான ஆட்டம், தோர்ப்பும் வருங்கால ஜனாதிபதி ஐசன்ஹோவரும் நேருக்கு நேர். நல்ல கதைதான். ஆனால் படிக்கப் படிக்க எனக்கு அந்த அணியின் குவார்ட்டர்பேக், அதாவது களத்தில் ஆட்டத்தை நடத்துகிறவர், கஸ் வெல்ச் மேல்தான் கண் போகிறது. அவரிடம் பிறகு வருகிறேன். முதலில் பள்ளி.

கார்லைல் பள்ளியை 1879இல் தொடங்கியவர் ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்ற ராணுவ அதிகாரி. மேற்கே பூர்வகுடிகளோடு போரிட்டவர். அவர்களைச் சுட்டுத் தீர்க்க வேண்டாம், பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுவந்து வெள்ளைக்காரர்களாக வளர்த்துவிடலாம் என்பது அவர் கண்ட வழி. அந்தக் காலத்தில் இதுவே முற்போக்கான கருத்தாக எண்ணப்பட்டது என்பதை நினைத்தால் தலை சுற்றுகிறது. 'அவனுக்குள் இருக்கும் இந்தியனைக் கொன்றுவிட்டு, மனிதனைக் காப்பாற்று' என்று 1892இல் ஒரு கூட்டத்தில் பேசினார். (அமெரிக்கப் பூர்வகுடிகளை அப்போது 'இந்தியர்' என்றே அழைத்தார்கள்.) பள்ளியில் நடந்ததும் அதுதான். ரயிலிலிருந்து இறங்கும் பிள்ளைகளின் முடி வெட்டப்பட்டது, சீருடை மாட்டப்பட்டது, புதுப் பெயர் வைக்கப்பட்டது, தாய்மொழி பேசினால் தண்டனை. விடுமுறையில் வீட்டுக்கு அனுப்பாமல், வெள்ளைக்காரர் பண்ணைகளிலும் வீடுகளிலும் கூலிக்கு அமர்த்தும் ஏற்பாடும் இருந்தது. காசநோயிலும் மற்ற நோய்களிலும் பிள்ளைகள் செத்தார்கள். பள்ளி வளாகத்திலேயே ஒரு கல்லறைத் தோட்டம் இருந்தது.

பள்ளி தன் பெருமைக்காக எடுத்த படங்கள் நிறைய உண்டு. டாம் டொர்லினோ என்ற நவாஹோ இளைஞர் 1882இல் வந்தபோது எடுத்த படத்தில் நீளமான முடி, காதணி, கழுத்தில் மணிமாலை. மூன்று வருடம் கழித்து எடுத்ததில் கிராப்பு, கோட்டு, டை. முகத்தின் நிறம்கூட வெளுத்துவிட்டது போலத் தெரியும்; வெளிச்சத்தின் வேலை அது என்கிறார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அச்சடித்து, நன்கொடை கேட்கவும் அரசாங்கத்திடம் நிதி வாங்கவும் பயன்படுத்தினார்கள். கால்பந்து அணியும் பின்னாளில் இந்தப் படங்கள் செய்த வேலையைத்தான் செய்தது, பல மடங்கு பெரிய அளவில்.

பிராட்டுக்கு ஆரம்பத்தில் கால்பந்து பிடிக்கவில்லை. 1890இல் ஒரு மாணவரின் கால் உடைந்ததும் வெளி அணிகளோடு ஆடுவதைத் தடை செய்துவிட்டார். பையன்கள் கூட்டமாகப் போய்க் கெஞ்ச, கடைசியில் இரண்டு நிபந்தனைகளோடு இறங்கி வந்தார். எதிராளி அடித்தாலும் நீங்கள் கை ஓங்கக் கூடாது. சில வருடங்களுக்குள் நாட்டின் மிகப் பெரிய அணியை நீங்கள் தோற்கடிக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு அவர் சொன்ன காரணம், இவர்கள் திருப்பி அடித்தால் பத்திரிகைக்காரர்கள் உடனே 'காட்டுமிராண்டிகள்' என்று எழுதிவிடுவார்கள் என்பது. அதில் மனுஷன் சொன்னது சரிதான். பத்திரிகைகள் ஜெயித்தாலும் தோற்றாலும் கோடரி, தலைத்தோல் என்றே தலைப்புப் போட்டன.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்கக் கால்பந்தில் பந்தைக் காலால் உதைப்பதை விடக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். எதிராளி கோட்டுக்கு அப்பால் பந்தைக் கொண்டுசேர்த்தால் டச்டவுன். அக்காலத்தில் அது ஏறக்குறைய கும்பல் சண்டை. முரட்டு ஆட்டத்தில் மாணவர்கள் செத்துக்கொண்டிருந்ததால் 1905இல் ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்கே கூப்பிட்டு எச்சரித்தார். அடுத்த வருடம் பந்தை முன்னோக்கி எறிய அனுமதி வந்தது. 1912இல் இன்னும் பெரிய மாற்றங்கள்: மைதானம் 110 கெஜத்திலிருந்து 100 ஆனது, பத்து கெஜம் முன்னேற மூன்று வாய்ப்புக்குப் பதில் நான்கு வாய்ப்பு, டச்டவுனுக்கு ஐந்து புள்ளிக்குப் பதில் ஆறு, 20 கெஜத்துக்கு மேல் எறியக் கூடாது என்ற தடையும் நீங்கியது. வேகமும் சூழ்ச்சியும் உள்ளவனுக்கு ஏற்ற விதிகள். எடை குறைந்த, காசில்லாத, வேகமான ஓர் அணி இவற்றுக்காகவே காத்திருந்தது போல இருந்தது.

அந்த அணியின் கோச் கிளென் வார்னர். எல்லாரும் 'பாப்' வார்னர் என்பார்கள். 1899இல் வந்தார், 1904இல் போனார், 1907இல் திரும்பி வந்தார். விதிப்புத்தகத்தை வக்கீல் மாதிரி படிக்கிறவர். அதில் தடுக்கப்படாத எதையும் செய்து பார்ப்பார். 1903இல் ஹார்வர்டுக்கு எதிராக அவர் அணி செய்தது இன்றுவரை பேசப்படுகிறது. பந்தைப் பிடித்ததும் பையன்கள் எல்லாரும் ஒரு வட்டமாகக் கூடினார்கள். அதற்குள் சார்லஸ் டில்லன் என்பவரின் சட்டைக்குள், முதுகுப் பக்கம், பந்தைச் செருகிவிட்டார்கள். அதற்காகவே சட்டையில் எலாஸ்டிக் தைத்து வைத்திருந்தார்கள். எல்லாரும் பல திசைகளில் ஓட, பந்து யாரிடம் என்று தெரியாமல் ஹார்வர்டு ஆட்கள் திண்டாட, டில்லன் இரண்டு கையையும் வீசிக்கொண்டு நிதானமாகக் கோட்டைத் தாண்டிப் போனார். அந்த ஆட்டத்தை ஹார்வர்டு 12-11 என்று ஜெயித்துவிட்டது, ஆனால் யாருக்கும் ஞாபகம் இருப்பது அந்தச் சட்டைதான். 1911இல் கார்லைல் அதே ஹார்வர்டை 18-15 என்று வென்றது. காலில் கட்டோடு ஆடிய தோர்ப் அன்று நான்கு ஃபீல்டு கோல் அடித்தார்; பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்துப் புள்ளி எடுப்பது அது.

தோர்ப் ஒக்லஹோமா பக்கத்து சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தவர். 1912 கோடையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டாத்லான், டெகாத்லான் இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஐந்து விதப் போட்டி, பத்து விதப் போட்டி என்று இரண்டையும் ஒரே ஆள் ஜெயிப்பது சாதாரண விஷயமில்லை. அவரோடு அதே பள்ளியிலிருந்து போன லூயிஸ் டெவானிமா 10,000 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி பெற்றார். டெவானிமாவின் கதை தனிக் கட்டுரைக்குரியது. ஹோப்பி இனத்தவரான அவர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்த ஊர்க்காரர்களோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டு, 1907இல் கைதி போலவே கார்லைலுக்குக் கொண்டுவரப்பட்டவர். ஐந்தே வருடத்தில் அமெரிக்கக் கொடியைப் போட்டுக்கொண்டு ஓடி அந்த நாட்டுக்கே பதக்கம் வாங்கிக் கொடுத்தார். பூர்வகுடிகள் எல்லாருக்கும் அமெரிக்கக் குடியுரிமை என்று சட்டம் வந்ததே 1924இல்தான்.

ஆகஸ்டில் ஊர்வலமெல்லாம் முடிந்து, செப்டம்பரில் தோர்ப் மறுபடி மைதானத்தில் நின்றார். அணியில் வெல்ச் குவார்ட்டர்பேக்; விஸ்கான்சின் பக்கத்து ஓஜிப்வே இனத்தவர், ஒல்லியானவர், மூளைக்காரர். மினசோட்டாவிலிருந்து வந்த இன்னொரு ஓஜிப்வே ஜோ கையன். அலெக்ஸ் ஆர்காசா, போசம் பவல், ஜோ பெர்ஜி, கலிபோர்னியாவிலிருந்து வந்த பீட் கலாக். ஆளுக்கொரு மொழி, ஆளுக்கொரு தேசம் என்றே சொல்லலாம். வெளியார் கண்ணுக்கு எல்லாரும் 'இந்தியன்ஸ்'.

பக்கத்துச் சின்னக் கல்லூரிகளை வைத்துக் கையைச் சூடுபடுத்திக்கொள்வது வழக்கம். ஆல்பிரைட்டை 50-7, லெபனான் வேலியை 45-0, டிக்கின்சனை 34-0, வில்லனோவாவை 65-0. இந்த நான்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஐந்தாவதாக வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் என்ற கல்லூரியோடு 0-0. நான்கு ஆட்டத்தில் 194 புள்ளி அடித்த அணி, அடுத்ததில் ஒன்றுமே அடிக்கவில்லை! பட்டியலில் அந்த இரண்டு சுழியங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோஷம். எவ்வளவு பெரிய அணிக்கும் ஒரு நாள் எதுவுமே ஓடாது. அப்புறம் மறுபடி மழை: முந்தைய வருடம் தங்களை ஒரே புள்ளியில் தோற்கடித்த சைரக்யூஸை 33-0, பிட்ஸ்பர்கை 45-8.

அக்டோபர் 26, சனிக்கிழமை, ஜார்ஜ்டவுனை 34-20 என்று வென்றுவிட்டு ரயிலேறி, 28 திங்கட்கிழமை கனடாவில் டொரன்டோ அணியோடு ஆடினார்கள். அங்கே பாதி ஆட்டம் அமெரிக்க விதி, பாதி கனடா விதி. முடிவு 49-1. அந்த 'ஒன்று' கனடா விதியில் மட்டும் கிடைக்கும் ஒற்றைப் புள்ளி. டொரன்டோக்காரர்களுக்கு அதாவது மிஞ்சியது. நவம்பர் 2இல் லீஹை பல்கலைக்கழகத்தை 34-14.

அட்டவணையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் வேறொன்று தெரியும். ஆட்டங்களில் பெரும்பாலானவை வெளியூரில். கார்லைல் சின்ன ஊர்; அங்கே டிக்கெட் வாங்க ஆள் கிடையாது. பெரிய நகரங்களில் கூட்டம் அள்ளும், வசூலில் பங்கு கிடைக்கும். பள்ளியின் விளையாட்டு நிதி அப்படித்தான் கொழுத்தது. அதிலிருந்து கட்டடங்கள் எழுந்தன, வார்னருக்கு வீடும் அமைந்தது. அணிப் பையன்களுக்குத் தனி விடுதி, மற்றவர்களுக்குக் கிடைக்காத நல்ல சாப்பாடு, சீசன் முடிவில் புது உடுப்பு. பள்ளி முழுக்கக் கஞ்சியும் ரொட்டியுமாக இருந்த இடத்தில் இறைச்சியும் பாலும் பெரிய ஈர்ப்புதான். ஆனால் நுழைவாயிலில் எண்ணப்பட்ட பணத்தோடு ஒப்பிட்டால் ஒரு கோட்டும் ஒரு தட்டுச் சாப்பாடும் எவ்வளவு பெறும்? செப்டம்பர் பிற்பாதியில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள் 14 ஆட்டம் ஆடிய பையன்கள் அவர்கள்.

நவம்பர் 9. நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமி. பூர்வகுடிகளோடு போரிட்ட தளபதிகள் படித்த இடம் அது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் போரில் சியோ, ஷயேன் பூர்வகுடிகள் வீழ்த்திய ராணுவத் தளபதி கஸ்டரின் கல்லறை அந்த வளாகத்துக்குள்ளேயே இருக்கிறது. ஊண்டட் நீ என்ற இடத்தில் ராணுவம் லக்கோட்டா மக்களை, பெண்கள் பிள்ளைகள் உட்பட, நூற்றுக்கணக்கில் கொன்றது 1890 டிசம்பரில். அகாடமி அணியில் அன்று ஆடிய டுவைட் ஐசன்ஹோவர் அதற்கு இரண்டு மாதம் முன்னால் பிறந்தவர். ஆக, மைதானத்தில் நின்ற இரண்டு பக்கத்துப் பையன்களுக்கும் அது வரலாறு அல்ல, அப்பா காலத்துச் சங்கதி.

உங்கள் அப்பாக்களோடும் தாத்தாக்களோடும் சண்டை போட்டவர்களின் பிள்ளைகள் இவர்கள், அதை மனதில் வைத்துக்கொண்டு ஆடுங்கள் என்று வார்னர் பேசினார் என்பார்கள். அந்தப் பேச்சு எந்த நூலிலும் தவறாமல் வரும். படிக்கச் சிலிர்க்கத்தான் செய்கிறது. எனக்கு மட்டும் அங்கே ஒரு நெருடல். வாரம் முழுக்க அப்பன் பாட்டனை மற, அவர்கள் பாஷையைப் பேசாதே என்று சொன்ன ஒரு பள்ளி, சனிக்கிழமை மதியம் இரண்டு மணி நேரத்துக்கு மட்டும் அதே அப்பன் பாட்டனை ஞாபகப்படுத்துகிறது, ஸ்கோர் வேண்டும் என்பதற்காக.

வார்னர் அன்று புதிதாக ஒரு அணிவகுப்பை இறக்கினார். பின்னால் நிற்கும் இரண்டு ஓட்டக்காரர்களை முன் வரிசையின் இரு ஓரங்களுக்கும் தள்ளி வைப்பது. இரட்டைச் சிறகு என்று பெயர். அங்கிருந்து ஓடலாம், வளைந்து வந்து பந்தை வாங்கலாம், எறிவதைப் பிடிக்கலாம். எதிராளிக்கு எந்தப் பக்கம் ஆள் வருவான் என்றே தெரியாது. இதை எந்த வரிசையில், எப்போது பயன்படுத்துவது என்று களத்தில் தீர்மானிப்பது குவார்ட்டர்பேக், அதாவது வெல்ச். அந்தக் காலத்தில் வெளியே நிற்கும் கோச் உள்ளே சைகை செய்யக் கூடாது.

முதல் டச்டவுன் ராணுவ அணிக்கு. அதற்குப் பின் கிடைக்கும் உதையைக் கோட்டை விட்டதால் 6-0. பெர்ஜி ஒரு டச்டவுன் போட்டு, உதையும் உள்ளே போக, இடைவேளையில் கார்லைல் 7-6. போசம் பவல் குத்துவிட்டதற்காக வெளியேற்றப்பட்டார். பிராட் போட்ட முதல் நிபந்தனையை அவர் மறந்துவிட்டார் போல. இரண்டாம் பாதி தொடங்கியதுமே எதிரணிக் கேப்டன் லீலண்ட் டெவோர், மலை மாதிரி ஆள், தன்னை முதல் பாதி முழுக்கத் திணறடித்த ஜோ கையன் மேல் பாய்ந்து அவரும் வெளியேற்றப்பட்டார். அத்தோடு ராணுவ அணி குலைந்தது. ஆர்காசா ஒருவரே மூன்று டச்டவுன் போட்டார். 27-6.

கணக்கைக் கவனியுங்கள்: பெர்ஜி ஒன்று, ஆர்காசா மூன்று. தோர்ப்பின் வாழ்க்கையிலேயே மிகப் புகழ்பெற்ற ஆட்டத்தில் அவர் பெயரில் ஒரு டச்டவுன் கூட இல்லை. ஆனாலும் அடுத்த நாள் நியூயார்க் டைம்ஸ் இவர்களைத் 'தோர்ப்பின் இந்தியர்கள்' என்றே எழுதியது. அவர் சிறப்பாக ஆடவில்லை என்பதல்ல. அவரை மடக்க இரண்டு மூன்று பேர் போனதால்தான் ஆர்காசாவுக்கு வழி கிடைத்தது. ஐசன்ஹோவரும் இன்னொருவரும் சேர்ந்து தோர்ப்பை இருபுறமும் நசுக்கப் பாய்ந்து, அவர் சட்டென்று நிற்க, ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டதாக ஒரு கதை உண்டு. அடுத்த வாரம் டஃப்ட்ஸ் கல்லூரிக்கு எதிராக முழங்கால் போய் ஐசன்ஹோவரின் கால்பந்து வாழ்க்கை கிட்டத்தட்ட முடிந்தது. தோர்ப் மாதிரி ஆளை நான் பார்த்ததே இல்லை என்று வயதான பின்னும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இதைப் படிக்கும் நமக்கு 1911 மோகன் பகான் ஞாபகம் வராமல் போகாது. கல்கத்தாவில் ஜூலை 29 அன்று, ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி, கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என்று தோற்கடித்தார்களே, அது. ஆள்பவனை அவன் சொல்லிக்கொடுத்த ஆட்டத்திலேயே ஜெயிப்பது என்ற வகையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். மோகன் பகான் வங்காளிகள் தாங்களே நடத்திய சங்கம். கார்லைல் அணி அரசாங்கத்தின் சொத்து. பையன்கள் ராணுவத்தை ஜெயித்தால், 'பார்த்தீர்களா, எங்கள் பள்ளி இவர்களை எப்படி ஆக்கியிருக்கிறது' என்று பள்ளிதான் மார்தட்டிக்கொள்ளும். அந்த ஜெயிப்பைப் பையன்கள் தங்கள் மனதுக்குள் எப்படி வைத்துக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். அதற்கான தடயம் 1912இல் இல்லை, 1914இல் இருக்கிறது.

ராணுவத்தை வென்ற மிதப்பிலோ களைப்பிலோ, அடுத்த சனிக்கிழமை பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34-26 என்று தோற்றார்கள். சீசனின் ஒரே தோல்வி. 26 புள்ளி அடித்தும் தோற்பது அந்தக் காலத்தில் அரிது. புது விதிகள் வந்ததால் எறிந்து ஆடும் ஆட்டம் எல்லாருக்குமே கைவந்துவிட்டது. கார்லைல் கற்றுக்கொடுத்த பாடம் கார்லைலுக்கே திரும்பியது. அதற்கடுத்து மாசசூசெட்ஸில் ஸ்பிரிங்ஃபீல்டு ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி. 30-24. முப்பதையும் தோர்ப் ஒருவரே எடுத்தார்: நான்கு டச்டவுன், மூன்று உதை, ஒரு ஃபீல்டு கோல். எனக்கு அந்தச் சீசனில் பிடித்த ஆட்டம் ராணுவத்தோடு ஆடியது அல்ல, இதுதான். பெரிய பேர் இல்லாத எதிரணி, சீசன் கடைசி, உடம்பெல்லாம் அடி. மற்ற பத்துப் பேரும் ஓய்ந்த நாளில் ஒரு ஆள் இழுத்துக்கொண்டு போயிருக்கிறார். நவம்பர் 28, நன்றி நவிலும் நாள், பனியில் பிரவுன் பல்கலைக்கழகத்தை 32-0. அத்தோடு சீசன் முடிந்தது.

12 வெற்றி, ஒரு தோல்வி, ஒரு சமன். அடித்தது 504, கொடுத்தது 114. தோர்ப் பெயரில் 25 டச்டவுன், 198 புள்ளி என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அதைவிடக் கூட என்று வாதிடுகிறவர்களும் உண்டு.

இரண்டு மாதம்கூட ஆகவில்லை. 1913 ஜனவரியில் ஒரு மாசசூசெட்ஸ் பத்திரிகை, தோர்ப் 1909லும் 1910லும் வட கரோலினாவில் காசுக்கு பேஸ்பால் ஆடியவர் என்று எழுதியது. காசுக்கு ஆடியவர்கள் அன்று ஒலிம்பிக்கில் கலந்துகொள்ளக் கூடாது. செய்தி உண்மைதான். கோடை விடுமுறையில் கல்லூரிப் பையன்கள் பலரும் ஆடினார்கள், பொய்ப் பெயரில். தோர்ப் சொந்தப் பெயரிலேயே ஆடிவிட்டார். நான் ஒரு சாதாரண இந்தியப் பள்ளிப் பையன், இந்த விதியெல்லாம் எனக்குத் தெரியாது என்று அவர் பெயரில் ஒரு மன்னிப்புக் கடிதம் போனது. அதை எழுதிக் கொடுத்ததே வார்னர்தான் என்பது பரவலான கருத்து. தனக்கு எதுவும் தெரியாது என்றார் வார்னர். நம்பிக்கைக்குரிய ஆட்டக்காரன் இரண்டு வருடம் எங்கே போயிருந்தான் என்று கேட்காத கோச் உலகத்தில் உண்டா? புகார் போட்டி முடிந்து 30 நாளுக்குள் வந்திருக்க வேண்டும் என்று ஒலிம்பிக் விதியிலேயே இருந்தது. அதை யாரும் திறந்து பார்க்கவில்லை. பதக்கங்கள் போயின. 1983இல், அவர் இறந்து 30 வருடம் கழித்து, பிள்ளைகளிடம் நகல் பதக்கங்கள் கொடுத்தார்கள். அப்போதும் இரண்டாம் இடத்துக்காரர்களோடு பங்கு என்று. முழுசாகத் தர 2022 ஆயிற்று.

இப்போது வெல்ச்.

தோர்ப் போன பின்பும் அவர் கார்லைலில்தான் இருந்தார். தோர்ப்பின் அறைத்தோழராக இருந்தவர். பதக்க விவகாரத்தில் வார்னர் நழுவியதைப் பக்கத்திலிருந்தே பார்த்தவர். பள்ளியில் சாப்பாடு மோசம், கண்காணிப்பாளர் மோசஸ் ஃப்ரீட்மன் மேல் பிள்ளைகளுக்கு மரியாதையே இல்லை, பேண்டு வாத்திய ஆசிரியர் ஒரு மாணவியைப் பலகையால் அடித்த விவகாரம் வேறு. வெல்ச் முன்னின்று விசாரணை கோரி ஒரு மனு தயாரானது. 200க்கும் மேற்பட்ட மாணவர்கள் கையெழுத்திட்டார்கள். 1914 தொடக்கத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் சேர்ந்த குழு கார்லைலுக்கே வந்து உட்கார்ந்து சாட்சி கேட்டது.

அணிப் பையன்களும் சாட்சி சொன்னார்கள். வார்னர் கெட்ட வார்த்தையில் திட்டுகிறார், கை நீட்டுகிறார், ஆட்டத்தில் பந்தயம் கட்டுகிறார், ஓட்டல் முகப்பில் நின்று டிக்கெட் விற்கிறார் என்பவை குற்றச்சாட்டுகள். வார்னர் நல்ல கால்பந்துக் கோச், ஆனால் கொள்கை என்று ஒன்று இல்லாத மனிதர் என்பது வெல்ச் சொன்னதன் சாரம். இதில் முதல் பாதியை அவர் விட்டுவிடவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். கோபத்திலும் நியாயமாகப் பேசியிருக்கிறார். விளையாட்டு நிதியின் கணக்குகளும் வெளியே வந்தன. யோசித்துப் பாருங்கள்: தனி விடுதி, நல்ல சாப்பாடு, ஊரெங்கும் பெயர். பள்ளியில் அதிகம் இழப்பதற்கு இருந்தது இந்தப் பையன்களுக்குத்தான். வெஸ்ட் பாயிண்டில் டெவோரை எதிர்த்து நின்றதற்கு வேண்டிய துணிச்சலைவிட, தன் கோச்சுக்கு எதிராக நாடாளுமன்றக் குழு முன் நின்று பேசுவதற்குக் கூடுதலாகவே வேண்டியிருந்திருக்கும். முன்னதற்குக் கைதட்ட ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தது.

ஃப்ரீட்மன் பதவி இழந்தார். பேண்டு வாத்திய ஆசிரியரும் போனார். வார்னர் இன்னும் ஒரு சீசன் இருந்தார். அது படுமோசம்: ஐந்து வெற்றி, ஒன்பது தோல்வி. 1915இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்குப் போய் மறுபடி பெரிய கோச்சாகிவிட்டார். இன்று அமெரிக்காவில் சின்னப் பிள்ளைகள் ஆடும் மிகப் பெரிய கால்பந்து அமைப்பு அவர் பெயரில்தான் நடக்கிறது. கார்லைல் பள்ளி 1918இல் மூடப்பட்டு, வளாகம் ராணுவத்திடமே திரும்பிப் போனது. இப்போது அங்கே ராணுவப் போர்க் கல்லூரி. கல்லறைத் தோட்டத்தில் கிடந்த பிள்ளைகளின் எச்சங்களைத் தோண்டி எடுத்து அவரவர் இனத்தாரிடம் ஒப்படைக்கும் வேலை 2017இல் தொடங்கியது.

தோர்ப்பும் கையனும் கலாக்கும் 1922இல் ஒஹாயோவில் ஊராங் இந்தியன்ஸ் என்ற தொழில்முறை அணியில் மறுபடி சேர்ந்தார்கள். வேட்டை நாய் விற்கும் ஒரு முதலாளி தன் நாய்களுக்கு விளம்பரமாக வைத்திருந்த அணி. இடைவேளையில் ஆட்டக்காரர்கள் ஓய்வெடுக்க முடியாது. இறகு சூடிக்கொண்டு நாய்களோடு வேடிக்கை காட்ட வேண்டும். இரண்டு வருடத்தில் கலைந்தது. கார்லைலின் முன்-பின் படங்களைத் தலைகீழாக அச்சடித்தது போல எனக்குப் படுகிறது: அங்கே இறகைப் பிடுங்கிவிட்டுக் காசு பார்த்தார்கள், இங்கே திரும்ப மாட்டிவிட்டு.

வெல்ச் அந்த அணிக்குப் போகவில்லை. கார்லைல் ஊரிலேயே டிக்கின்சனில் சட்டம் படித்தார், முதல் உலகப் போரில் ராணுவத்தில் இருந்தார், 1919 முதல் 1922 வரை மேற்குக் கடற்கரையில் வாஷிங்டன் ஸ்டேட் கல்லூரிக்குத் தலைமைக் கோச்சாக இருந்தார். 1933இல் கான்சாஸில் ஹாஸ்கெல்லுக்குக் கோச்சாகப் போனார். பூர்வகுடிப் பிள்ளைகளுக்காக அரசாங்கம் நடத்திய இன்னொரு உறைவிடப் பள்ளி அது. இரண்டு சீசன் அங்கே இருந்தார்.